கை மரத்துப் போச்சுன்னா யார்கிட்ட போறது?

திருப்பூர் கைகளால் ஓடுகிற ஊர். பவர் டேபிளில் துணி தள்ளுகிற கை, கைமடி வேலை பார்க்கிற கை, பிசிர் வெட்டுகிற கை, சாயப்பட்டறையில் ஈரத்துணி அள்ளுகிற கை. பண்ணையத்திலிருந்து தப்பி வந்த அருந்ததியர் பிள்ளைகளின் கையும் அதில் உண்டு. ரயிலேறி வந்த ஒடிசா, பீகார் பிள்ளைகளின் கையும் உண்டு.

அந்தக் கைகள் சிலவற்றில் இன்று வேறொரு ஊசி இறங்குகிறது. டேபென்டடால் என்கிற வலி மாத்திரையைக் கரைத்துப் போதைக்காக ஏற்றிக்கொள்கிறார்கள். திருப்பூர், கோவை, ஈரோட்டில் மாத்திரையோடு பிடிபட்ட இளைஞர்கள் என்று செய்தி வந்தபடியே இருக்கிறது. பிடிபட்டவன் கதை பத்திரிகையில் வரும். கை மரத்துப்போய் அறைக்குள் கிடப்பவன் கதை?

'நரம்பு ஊசி' என்று நாம் சொல்வது ரத்தக்குழாயில் போடுவதைத்தான். உண்மையான நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. ஊசி அதில் பட்டால் ஷாக் அடித்த மாதிரி சுளீர்னு இழுக்கும். பிறகு விரல் மரக்கும். மாத்திரையிலுள்ள டால்க், மாவு, நார்த்தூள் தண்ணீரில் கரையாது. அது தமனியில் ஏறிவிட்டால் விரல் வெளுத்து, எரிந்து, கறுத்துப்போகும். மயக்கத்தில் கையை அடியில் போட்டு மணிக்கணக்கில் கிடந்தவனுக்கு மணிக்கட்டு தொங்கிவிடும். சதை வீங்கி நரம்பை நெரித்தால் ஆறு மணி நேரத்துக்குள் கீறி அழுத்தத்தை இறக்க வேண்டும். 'காலையில பாத்துக்கலாம்' என்றால் கையே போகும்.

அறுந்த நரம்பு வளர்ந்தாலும் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். முழங்கையிலிருந்து விரல்நுனிக்கு வர ஒரு வருஷம் ஆகலாம். பீஸ் ரேட்காரனுக்கு அந்த ஒரு வருஷத்துச் சனிக்கிழமைச் சம்பளத்தை யார் தருவார்கள்? ஈ.எஸ்.ஐ. கார்டே இல்லாதவன் எங்கே போவான்?

அவன் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, பயம். போலீஸ் பயம், வேலை போகிற பயம், 'அந்தத் தெருப் பசங்களே இப்படித்தான்' என்ற பேச்சுக்குப் பயம். குடித்துவிட்டுக் காரை மரத்தில் மோதுகிற முதலாளி மகனுக்கு வைத்தியம். நம் பையனுக்கு ஒழுக்க போதனையா?

2019இல் சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வே, நாட்டில் ஊசிவழிப் போதை எடுப்போர் சுமார் 8.5 லட்சம் பேர் என்றது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு, புது ஊசி கொடுப்பது போன்ற பாதுகாப்பு வேலைகளைக் குற்றமாகக் கருதக்கூடாது என்கிறது. ஊசி பகிர்வதால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் வரும். அவையும் நரம்பைத் தின்னும். நாக்கடியில் வைக்கும் மாற்று மருந்து அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. சட்டமும் மருந்தும் இருந்தும் சேரிக்கும் பனியன் கம்பெனி விடுதிக்கும் வந்து சேரவில்லையென்றால் அது யார் குற்றம்?

நாம் கேட்பது இதுதான். மாத்திரையைப் பெட்டி பெட்டியாக விற்றவனைப் பிடியுங்கள். கை மரத்து வருகிறவனை எந்தக் கேள்வியும் இல்லாமல் உடனே சேருங்கள். புது ஊசியும் மாற்று மருந்தும் தெருவுக்கு வரட்டும். ஒவ்வொரு கைமடிக்கும் ஈ.எஸ்.ஐ. கார்டு கொடுங்கள்.

தோழர்களே, உங்கள் தெருவில் ஒரு பையன் 'கை மரக்குது'ன்னு சொன்னால் முதலில் திட்டாதீர்கள். வண்டியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.