துப்பாக்கி இல்லாத வேட்டைக்காரர்கள்

"மச்சி, கூட்டமே இல்லாத ஒரு இடம் சொல்லுடா. மானைப் பக்கத்துல பாக்கணும்."

கொமரலிங்கத்துக்காரன் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்லூரியில் எவனாவது ஒருவன் இதைக் கேட்டுவிடுகிறான். எங்கள் ஊரில் நின்று தெற்கே பார்த்தால் மலை தெரியும். அமராவதி அணையைத் தாண்டினால் காடு. ஆகவே நான் இலவச வழிகாட்டி! முன்பெல்லாம் பெருமையாக வழி சொல்வேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்று ஒவ்வொருவனிடமும் தனித்தனியாக விளக்கி வாய் வலிக்கிறது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். திட்ட நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :-)

முதலில் கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம். அங்கே மேற்கு மாநிலங்களில் மியூல் மான் என்று ஒரு வகை உண்டு. கோவேறு கழுதை மாதிரி பெரிய காது, அதனால் அந்தப் பெயர். அதை வேட்டையாடுகிறவர்களுக்கு இருக்கிற பெரிய கவலையும் இதேதான்: கூட்டம் இல்லாத பொது நிலம் எங்கே? அங்கே அரசு நிலம் கோடிக்கணக்கான ஏக்கர் கிடக்கிறது. ஆனால் எல்லோரும் ரோட்டை ஒட்டியே நிற்பார்கள். ஆகவே வரைபடத்தை வைத்துக்கொண்டு, ரோட்டிலிருந்து மைல் கணக்கில் நடந்து போகத் தயாராக இருப்பவனுக்குத்தான் தனிமை கிடைக்கும்.

வேட்டை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் கட்டுப்பட வேண்டிய விதிகள் ஏராளம். உரிமம் வேண்டும். பருவம் உண்டு. பல இடங்களில் குலுக்கலில் பெயர் வந்தால்தான் ஒரு மானுக்கு அனுமதி, அதற்கு வருடக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. அவன் வாங்கும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கிற வரி 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது.

நம்ம ஊரில்? 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. மான் வேட்டை குற்றம். எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 2(16) பிரிவில் 'வேட்டை' என்றால் என்ன என்று எழுதியிருக்கிறார்கள். கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை வைத்து இழுப்பது, *விரட்டுவது*, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. இது போக, சரணாலயத்தில் விலங்கைச் சீண்டக் கூடாது, குப்பை போடக் கூடாது என்று 27ஆவது பிரிவு தனியாகச் சொல்கிறது.

அதாவது, ரீல்ஸுக்காக பைக்கை முறுக்கி மானை ஓட வைக்கிற என் நண்பன் சட்டப்படி வேட்டைக்காரன். துப்பாக்கிதான் இல்லை.

இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். இரண்டு வருடம் முன்பு, ஏப்ரல் மாதம், மூன்று பைக்கில் ஆறு பேர். ரோட்டை விட்டு இறங்கி ஒரு வண்டித்தடத்தில் போனோம். வழி சொன்னது நான். ஓடையில் ஒரே ஒரு குழியில் மட்டும் தண்ணீர் இருந்தது. புள்ளிமான் ஒன்று குடிக்க வந்தது. ஒருவன் ஹாரன் அடித்தான், இன்னொருவன் ஆக்சிலேட்டரை முறுக்கினான். மான் பாறையில் சறுக்கி விழுந்து, எழுந்து, காலை இழுத்துக்கொண்டு ஓடியது. கொஞ்ச தூரம் பின்னாலேயே போனோம். வீடியோ எடுத்தது நான்தான்.

திரும்பும்போது வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். "ஏங் கண்ணு, தண்ணி குடிக்க வந்த உசுரை எதுக்குத் தொரத்தறீங்க?"

"சும்மாதானுங்க" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அந்த 'சும்மா' இன்னும் உறுத்துகிறது.

பிறகு படித்ததில் இன்னொன்று தெரிந்தது. துரத்தப்பட்ட மான் அன்றைக்குத் தப்பித்தாலும் பிழைக்கும் என்று நிச்சயம் இல்லை. அளவு மீறி ஓடியதில் தசை சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சில மணி நேரத்திலோ, சில நாள் கழித்தோ சாகலாம். கேப்சர் மயோபதி என்று பெயர். நாங்கள் துரத்திய மான் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

இனி வழக்கமாக வரும் மூன்று வாதங்களுக்கு வருகிறேன்.

1. "காடு பொதுச்சொத்துதானே?" ஆமாம். அரசு ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரும் பொதுச்சொத்துதான், உள்ளே போய் செல்ஃபி எடுப்பாயா? ஆனைமலை 1976இல் சரணாலயம் ஆனது, 2007இல் புலிகள் காப்பகம் ஆனது. பொதுச் சாலையில் போகலாம். சாலையை விட்டு இறங்க அனுமதி வேண்டும்.

2. "நாலு பேர் போனா என்ன ஆயிடும்?" நம்ம பக்கத்துக் காடு மலையின் மழை மறைவுப் பகுதி. முள்காடு. கோடையில் தண்ணீர் நிற்கிற இடங்களை விரல் விட்டு எண்ணலாம். மான் தண்ணீருக்கு வருவது காலையும் மாலையும். நாம் போவதும் அதே நேரம், அதே இடம். நால்வர் அங்கே உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு அந்தக் குழிக்கு எதுவும் வராது. நீ லொகேஷன் போட்டால் அடுத்த வாரம் நாற்பது பேர். நீ தேடிப் போன ஆளில்லாத இடம் உன்னாலேயே ஒழிந்தது. நமக்குக் கூட்டம் இல்லாத இடம் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசை. மானுக்கு அதுதான் மிச்சம் இருக்கிற வாழ்க்கை.

3. "மலைவாசிகள் மட்டும் போகலாமா?" போகலாம். தளிஞ்சியிலும் கோடந்தூரிலும் இருக்கிற மக்களுக்குக் காடுதான் வீடு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதை உரிமை என்று ஒப்புக்கொள்கிறது. அவர்கள் வீட்டில் அவர்கள் நடக்கிறார்கள். உன் வீட்டுத் திண்ணையில் நான் பைக் ஓட்டினால் சும்மா விடுவாயா?

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வாரம் முழுக்க நின்று வேலை பார்த்து, சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு ஒரு நாள் மூச்சு விட நினைக்கிறவனை நான் குறை சொல்லவில்லை. அவன் எங்கே போவான்? பக்கத்திலேயே ஓடுகிற நொய்யலைச் சாயத்தில் கெடுத்தாகிவிட்டது. 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையே மூடச் சொல்லும் அளவுக்குப் போன கதை அது. ஊருக்குள் மரநிழலும் தண்ணீரும் இருக்கிற பொது இடம் கேட்டுச் சண்டை போடலாம். கேட்டால் நானும் வருகிறேன். இங்கே ஒரு ஆற்றைத் தொலைத்ததற்கு ஈடாக அங்கே ஒரு காட்டைத் தொலைப்பது மட்டும் வேண்டாம். பாம்பாறும் சின்னாறும் தேனாறும் அந்த மலைகளில் இருந்து இறங்கித்தான் அமராவதி நிரம்புகிறது. எங்கள் ஊர் நெல் வயலுக்கு வருவது அந்தத் தண்ணீர்.

இப்போது யாராவது இடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். உடுமலை பஸ் ஸ்டாண்டில் மூணாறு பஸ் ஏறு. ஜன்னலோர சீட் பிடி. ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டியதும் ஃபோனைப் பையில் வை. அதிர்ஷ்டம் இருந்தால் மான் தெரியும், யானைகூடத் தெரியலாம். ஒன்றும் தெரியாவிட்டால் மூணாறில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வா.

"மொக்கை ஐடியாடா" என்கிறார்கள். இருக்கட்டும். அந்த ஓடைக்கு மட்டும் நான் வழி சொல்லப் போவதில்லை.

பி.கு: அந்த வீடியோவை அழித்துவிட்டேன். 'அனுப்புடா' என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம்.