அறுவைக்குப் பின் யார் இருப்பார்கள்?

“உடம்பைக் குறைக்கிறதுக்கும் ஆபரேஷனா?” கடந்த ஓராண்டில் இந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அத்தை கேட்டார். விடுதியில் அறைத்தோழி கேட்டாள். அம்மா மட்டும் வேறு விதமாகக் கேட்டார். “ஏம்மா, வாயைக் கட்டினா பத்தாதா? கல்யாணத்துக்கு முன்னாடி வயித்துல கத்தி வைக்கணுமா?”

எனக்கு வயது 22. உயரம் 158 சென்டிமீட்டர். எடை 108 கிலோ. பி.எம்.ஐ. எனப்படும் உடல் எடைக் குறியீட்டெண் 43. இந்த எண்களை வெளியில் சொல்ல ஒரு காலத்தில் கூசியிருக்கிறேன். இன்று சொல்வதற்குக் காரணம், இது என் ஒருத்தியின் சிக்கல் அன்று. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயதுவந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள் என்று கண்டது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பதாகவும் அதே ஆய்வு கூறியது. நம் தமிழ்க் குடும்பங்களில் இனிப்பு நீர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்த உண்மை. என் தாத்தா அந்நோயால் ஒரு காலை இழந்தார். 21 வயதில் எனக்கும் சர்க்கரை அளவு எல்லையில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னபோது, அந்தக் கால்தான் என் நினைவுக்கு வந்தது.

வாயைக் கட்டிப் பார்த்தேன். மூன்று முறை 10 கிலோவுக்கு மேல் குறைத்தேன். மூன்று முறையும் திரும்ப ஏறியது. இதைச் சோம்பல் என்று நானே நம்பியிருந்தேன். எடை குறையும்போது உடல் பசியைக் கூட்டுகிறது, செலவிடும் ஆற்றலைக் குறைத்துக் கொள்கிறது என்று மருத்துவம் கூறுவதைப் பின்னர்தான் அறிந்தேன். 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நெறிமுறைப்படி குறியீட்டெண் 40ஐத் தாண்டியவர்களுக்கும், 35ஐத் தாண்டி எடை சார்ந்த கடுமையான நோய்கள் உள்ளவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது. 2022இல் இத்துறையின் இரண்டு பெரிய மருத்துவச் சங்கங்கள் அதைத் திருத்தி, 35 இருந்தாலே பரிந்துரைக்கலாம் என்றன. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நோய்கள் வந்துவிடுவதால், நமக்கு 27.5இலிருந்தே அறுவையை ஒரு வழியாகக் கருதலாம் என்றும் கூறின.

ஆகவே, அறுவை சரியா தவறா என்பதன்று இக்கட்டுரையின் கேள்வி. செய்துகொள்வது என்று முடிவெடுத்த ஒருவர் எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது? இதைப்பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. கைப்பேசி வாங்குவதற்கு நான்கு கடை ஏறி இறங்கும் நாம், வயிற்றை வெட்டிக்கொள்ள முதல் விளம்பரத்தையே நம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. வரவேற்பறையில் ‘முன்’, ‘பின்’ என்று படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. மருத்துவரைப் பார்த்தது 15 நிமிடம். வயிற்றின் பெரும்பகுதியை அகற்றி மிச்சத்தை ஒரு குழாய்போல் ஆக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை எனக்குப் பொருந்தும் என்றார். மூன்று வாரத்தில் செய்துவிடலாம். கட்டணம் 30,000 ரிங்கிட்டுக்கு மேல். அந்த மாத இறுதிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்று வெளியே வந்ததும் ஓர் அலுவலர் சொன்னார். எங்கள் மருத்துவக் காப்புறுதி எடைக் குறைப்புச் சிகிச்சையை ஏற்காது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுக்கலாம் என்று அப்பா அன்றிரவே கணக்குப் போட்டார். மூன்று வாரம் என்ற சொல் எனக்கு அவ்வளவு இனித்தது.

இரண்டாவதாகப் போனது ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை. மருத்துவரைப் பார்க்கவே இரண்டு மாதம் காத்திருந்தேன். பார்த்தபின், அறுவைக்கு முன் குறைந்தது ஆறு மாதத் தயாரிப்பு என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உணவியல் நிபுணர், மனநல நிபுணர், உட்சுரப்பியல் மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர் என்று ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனை, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்ற பரிசோதனை, வாய்வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி என்று பட்டியல் நீண்டது.

அந்தச் சந்திப்பில் மருத்துவர் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார். “இரவில் படுத்தால் நெஞ்சு எரிகிறதா?” எரிகிறது. பல ஆண்டுகளாக எரிகிறது. தேர்வுக் காலத்தில் இரண்டு தலையணை வைத்துத்தான் தூங்குவேன். எண்டோஸ்கோப்பியில் பார்த்தபோது, மேலே ஏறும் அமிலத்தால் என் உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருந்தது. ‘ஸ்லீவ்’ அறுவை சிலருக்கு இந்த அமிலத் தொல்லையை மேலும் கடுமையாக்கக்கூடும் என்றும், என் நிலைக்கு வயிற்றைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் ‘பைபாஸ்’ அறுவையே பொருத்தம் என்றும் விளக்கினார். ‘ஸ்லீவ்’ முறையில் வெட்டி எடுத்த வயிற்றைத் திரும்ப வைக்க முடியாது. முதல் மருத்துவமனையில் அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, எடைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் இப்படியொரு தொடர்பு இருக்குமென்று எனக்கெப்படித் தெரியும்?

அன்று முதல் என் எண்ணம் மாறியது. அறுவை மேசையில் நாம் படுத்திருப்பது ஓரிரு மணி நேரம். அதற்குப் பிந்திய வாழ்க்கை ஐம்பது ஆண்டுகளாக இருக்கலாம். நாம் தேர்ந்தெடுப்பது ஒரு கத்தியை அன்று. அந்த ஐம்பது ஆண்டுகளுக்கு நம்மைக் கவனிக்கப்போகும் ஒரு குழுவை.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தைத் தமிழ்ப்பள்ளியில் படித்திருப்போம். அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார் வள்ளுவர்: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். விளம்பரங்கள் இரண்டாவதை மட்டுமே காட்டுகின்றன. நான்காவதைப்பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

நான்காவது இல்லாவிட்டால் என்னவாகும்? எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் ‘பைபாஸ்’ செய்துகொண்டார். எடை நன்றாகவே குறைந்தது. ஊரே பாராட்டியது. முதல் ஆறு மாதத்துக்குப்பின் அவரை யாரும் அழைக்கவில்லை, அவரும் போகவில்லை. இந்த அறுவைக்குப்பின் இரும்புச்சத்து, பி12, கால்சியம், டி உயிர்ச்சத்து ஆகியவற்றை உடல் முன்போல் ஈர்த்துக்கொள்ளாது. வாழ்நாள் முழுதும் மாத்திரை எடுக்க வேண்டும்; ஆண்டுதோறும் இரத்தம் சோதிக்க வேண்டும். அக்கா மாத்திரைகளை நிறுத்தி இரண்டாண்டு ஆகியிருந்தது. கை கால் மரத்து, மாடிப்படி ஏற மூச்சு வாங்கி, கடைசியில் இரத்தம் ஏற்றும் நிலைக்கு வந்தார். அறுவை செய்த மருத்துவர் வேறிடம் போய்விட்டார். புதிதாகப் பார்த்த மருத்துவரிடம் காட்ட, என்ன அறுவை நடந்தது என்ற குறிப்புகூட அவர் கையில் இல்லை. அறுவை தவறவில்லை, அதன் பிறகுதான் எல்லாம் தவறியது.

எனவே, இத்திட்டங்களை ஒப்பிட விரும்புவோர்க்கு நான் ஐந்து கேள்விகளைப் பரிந்துரைப்பேன். இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்று, குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? அறுவை மருத்துவர் மட்டும் இருந்தால் போதாது. உணவியல் நிபுணரும் மனநல நிபுணரும் பெயரளவில் இருக்கிறார்களா, நம்மை உட்கார வைத்துப் பேசுகிறார்களா என்று பாருங்கள்.

இரண்டு, எனக்கு ஏன் இந்த அறுவை? எல்லாருக்கும் ஒரே அறுவையைச் சொல்லுமிடத்தில் கவனமாக இருங்கள். செமாகுளுடைட் போன்ற ஊசி மருந்துகள் இன்று இருக்கின்றன. அவற்றை நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு எடை திரும்புகிறது என்ற குறை உண்டு. எனினும் அவற்றையும் சேர்த்துப் பேசுகிறவரே நேர்மையான மருத்துவர்.

மூன்று, முதலாண்டில் எத்தனை முறை பார்ப்பீர்கள், ஐந்தாம் ஆண்டில் யார் பார்ப்பார்? “தேவைப்பட்டால் வாருங்கள்” என்பது ஒரு திட்டமாகாது.

நான்கு, வீடு திரும்பியபின் நள்ளிரவில் காய்ச்சலும் வயிற்று வலியும் இதயப் படபடப்பும் வந்தால் யாரை அழைப்பது? தையலிட்ட இடத்தில் கசிவு ஏற்படுவது அரிது. ஆனால் ஏற்பட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது.

ஐந்து, கட்டணத்தில் எது சேரவில்லை? உயிர்ச்சத்து மாத்திரை, இரத்தப் பரிசோதனை, சிக்கல் நேர்ந்தால் ஆகும் மறுசிகிச்சை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் தள்ளுபடியின் உண்மை தெரியும்.

இதில் மறுப்புகள் இருக்கலாம். தனியார் மருத்துவமனை என்றாலே வணிகம், அரசாங்கம் என்றாலே தரம் என்று நான் சொல்லவில்லை. மேற்கண்ட ஐந்து கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் தனியார் குழுக்களும் இருக்கலாம். காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. கடுமையான நோயோடு இருப்பவருக்கு ஆறு மாதம் என்பது சிறு காலமன்று. பொது மருத்துவமனைகளின் வரிசை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வரிசையில் வீணாக நிற்பது வேறு. தயாரிப்பில் கழியும் காலம் வேறு. அந்த ஆறு மாதத்தில்தான், பசியில்லாதபோதும் நள்ளிரவில் நான் ஏன் சாப்பிடுகிறேன் என்பதை மனநல நிபுணரிடம் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லாமல் போயிருந்தால், வயிறு சுருங்கியபின்னும் அந்தப் பழக்கம் அப்படியேதான் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கூற விரும்புகிறேன். உணவியல் நிபுணர் தந்த முதல் பட்டியலில் மீன், கோழி, தெம்பே இருந்தன. எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் சைவம். அறுவைக்குப்பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பதோ ஏறக்குறைய 6 கிராம். சில வாய்க்குமேல் உண்ண முடியாத வயிற்றுக்குப் பருப்புக் கறியும் தயிரும் மட்டும் போதுமா? அடுத்த சந்திப்புக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன். மலாயில் நிபுணர் சொன்னதை நான் தமிழில் சொல்ல, அம்மா சொன்ன சமையலை நான் மலாயில் சொல்ல, மூவரும் சேர்ந்து புதிய பட்டியல் ஒன்றை எழுதினோம். திரும்பும் வழியில் அம்மா, “குழந்தை பெத்துக்கிறதுல ஏதும் குறை வருமான்னு கேட்டியா?” என்றார். கேட்டேன். அறுவைக்குப்பின் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுவரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். அதன்பின் தடையில்லை என்றார்கள். அதன்பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னை மருத்துவமனைக்குத் தனியாக அனுப்பவும் இல்லை.

நம் பெற்றோர் பலர் இத்தகைய அறைகளில் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்திடுகிறார்கள். பல்கலைக்கழகம் வரை வந்துவிட்ட நாம் அவர்களோடு அந்த நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் கேட்க வைக்கலாமே! மொழிக்குத் தொண்டு செய்வது மேடையில் மட்டுமன்று.

என் அறுவை அடுத்த பருவ விடுமுறையில் நடக்கவிருக்கிறது. நான் 50 கிலோ ஆகிவிடப் போவதில்லை. நீண்ட கால நோக்கில் மொத்த எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தால் அது நல்ல பலன் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படிப் பார்த்தால் 80 கிலோ சொச்சத்தில் நிற்பேன். விளம்பரப் படத்தில் மாட்ட அது போதாது. என் இரண்டு கால்களோடு முதுமையை அடைய அது போதும்.

அச்சம் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் அறுவைக்கு மறுநாள் யார் வருவார், மறுமாதம் யாரைப் பார்க்க வேண்டும், மறு ஆண்டு எந்த இரத்தப் பரிசோதனை என்பதெல்லாம் எழுதிய தாள் ஒன்று என் மேசையில் இருக்கிறது. இந்த வழியில் செல்ல நினைக்கும் நண்பர்களே, உறவுகளே, முன்பணம் கட்டும் முன் அந்தத் தாளைக் கேளுங்கள். தர இயலாத இடத்திலிருந்து தயங்காமல் எழுந்து வாருங்கள்.