தொலைவும் நடுக்கமும்



தங்கையின் பட்டமளிப்பைக் கூடத்தின் பின்வரிசையிலிருந்து படமெடுக்க ஜூம் லென்ஸ் தேடும் இளைஞர் ஒருவர், ஆறு மாதச் சேமிப்புடன் நம்மிடம் வந்தார். "சுவாமி, விலை குறைந்த 300 மி.மீ. போதுமன்றோ?" என்றார். எண் பெரிதானால் மனம் சாய்வது இயல்பே. நாமும் முன்பு அவ்வாறு சாய்ந்து, கலங்கிய படங்களைப் பெட்டி நிறையச் சேர்த்தவர்தாம்.

அவரது கேனன் கேமராவுக்குப் பொருந்தும் 75-300 லென்சில் கைநடுக்கம் தணிக்கும் அமைப்பு இல்லை. 2013-இல் வெளிவந்த 55-250 எஸ்.டி.எம். லென்சில் உண்டு. அவ்வமைப்பின்றி, அச்சிறு உணரியுடைய கேமராவில் 250 மி.மீ.க்கே வினாடியில் 400-இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். வெயிலில் அது எளிது. கூடத்து விளக்கொளியிலோ, முழு நீட்டத்தில் 5.6-க்கு மேல் துளை விரியாத இவ்விலை லென்சுகளுக்கு அது அரிது. தணிப்பு அமைப்பு மேடையில் நிற்பவரைக் காக்கும். ஓடுபவரைக் காக்காது என்பதையும் சொன்னோம்.

புதியது வாங்கப் பணம் போதவில்லை. பழையதே வாங்குக என்றோம். ஆனால் டார்ச் விளக்கை உள்ளே அடித்து, பூஞ்சை இழைகள் உளவா எனப் பார்த்த பின்னரே. கடந்த ஞாயிறன்று பழைய லென்சுகள் இரண்டைக் கொணர்ந்தார். ஒன்றில் சிலந்திவலைபோல் படர்ந்திருந்தது. மற்றதை வைத்துக்கொண்டார். விழா அடுத்த வாரம்.