கைடு கேமரா வாங்கும் முன் கடலூர் பக்கம் பாருங்க

சின்ன டெலஸ்கோப் இருக்கு, மோட்டார் மவுண்ட் இருக்கு, யாரோ ஒரு சீனியர் கொடுத்த டிஎஸ்எல்ஆர் இருக்கு. அடுத்தது ஆட்டோகைடிங். இங்கே வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "எந்த கேமரா ரொம்ப சென்சிட்டிவ்?" என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். பரங்கிப்பேட்டை கடற்கரையில் நின்று படம் எடுக்கப் போகும் மாணவருக்கு இந்தக் கேள்வி மூன்றாவதாக வந்தால் போதும். முதலில் கேட்டால் பணம்தான் போகும்.

கைடிங் எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பூமி சுற்றுவதால் வானம் ஒரு விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. 400 மிமீ குவியத் தூரமுள்ள லென்ஸில் 4 மைக்ரான் பிக்சல் கேமராவை மாட்டினால், ஒரு பிக்சல் சுமார் 2 ஆர்க்செகண்ட். அதாவது ஒரே விநாடியில் நட்சத்திரம் 7 பிக்சல் தாண்டிவிடும். மவுண்டின் மோட்டார் இதை ஈடுகட்டும். ஆனால் அதன் பற்சக்கரம் என்ன, கடவுள் செய்ததா? சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆடும். 1889இல் லிக் ஆய்வகத்தில் பால்வெளியைப் படமெடுத்த பார்னார்டு, மணிக்கணக்கில் கண்ணை எடுக்காமல் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கையால் திருத்திக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணின் வேலையைத்தான் இன்று கைடு கேமராவும் பிஎச்டி2 என்ற இலவச மென்பொருளும் செய்கின்றன.

இப்போது கணக்குக்கு வருவோம், இன்ஜினியரிங் படிக்கிறோம் இல்லையா. நம்மில் பலர் வாங்கக்கூடியது 30 மிமீ விட்டம், 120 மிமீ குவியத் தூரம் உள்ள குட்டி கைடு ஸ்கோப். அதில் ஏஎஸ்ஐ 120 எம்எம் மினி மாதிரி ஆரம்பநிலை கேமராவை வையுங்க: 3.75 மைக்ரான் பிக்சல், 1280 × 960. பிக்சல் அளவை 206 ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 6.4 ஆர்க்செகண்ட். "ஐயோ, இவ்வளவு முரட்டுத்தனமா?" என்று பயப்பட வேண்டாம். நட்சத்திரம் பல பிக்சல்களில் பரவியிருப்பதால், அதன் மையத்தை மென்பொருள் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்கு வரை கண்டுபிடித்துவிடும். நம் 400 மிமீ படத்துக்கு அது தாராளம்.

இந்த அமைப்பில் தெரியும் வானப் பரப்பு கிட்டத்தட்ட 4 சதுர டிகிரி. மொத்த வானம் 41,253 சதுர டிகிரி. 8ஆம் மேக்னிட்யூட் வரை உள்ள நட்சத்திரங்கள் சுமார் 40,000. சதுர டிகிரிக்கு ஒன்று! சராசரியாக எந்தப் பக்கம் திருப்பினாலும் உங்கள் ஃபிரேமில் மூன்று நான்கு நட்சத்திரம் விழும். 30 மிமீ லென்ஸும் இரண்டு விநாடி எக்ஸ்போஷரும் 8ஐத் தாண்டி நன்றாகவே போகும். நட்சத்திரப் பஞ்சமே இல்லாத இடத்தில் எதற்கு இத்தனை சென்சிட்டிவிட்டி?

விளம்பரத்தில் வரும் குவாண்டம் எஃபிஷியன்சியையும் இப்படியே உரசிப் பாருங்க. 75 சதவீத சென்சாருக்கும் 90 சதவீத சென்சாருக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 0.2 மேக்னிட்யூட். இரண்டு விநாடியை 2.4 விநாடி ஆக்கினால் அதே அளவு ஒளி கிடைத்துவிடும், செலவு பூஜ்யம். "சென்சிட்டிவா இருந்தா எக்ஸ்போஷரைக் குறைக்கலாமே" என்றும் சொல்வார்கள். ஒரு விநாடிக்கும் கீழே போனால், காற்றின் அசைவால் நட்சத்திரம் துடிப்பதையெல்லாம் மவுண்ட் துரத்த ஆரம்பிக்கும். படம் இன்னும் கெடும்.

கட்டாயம் பார்க்க வேண்டியது மோனோவா கலரா என்பது. கலர் சென்சாரின் ஒவ்வொரு பிக்சல் மேலும் ஒரு நிற வடிகட்டி உட்கார்ந்திருக்கும். வரும் ஒளியில் பாதிக்கும் மேல் அங்கேயே நின்றுவிடும். விலை கொஞ்சம் குறைவு என்று கலர் வாங்காதீங்க. இன்னொன்று நம்ம ஊர் வெக்கை. கைடு கேமராக்களில் பெரும்பாலும் குளிரூட்டி கிடையாது. 28 டிகிரி இரவில் ஹாட் பிக்சல்கள் நட்சத்திரம் போலவே மின்னும். பிஎச்டி2இல் லென்ஸை மூடி டார்க் எடுத்து வைக்கும் வசதி இருக்கு, தவறாமல் செய்யுங்க. கிராஃப் கோடு போட்ட மாதிரி ஆடாமல் அசையாமல் போனால் சந்தோஷப்படாதீங்க. பெரும்பாலும் நீங்கள் பின்தொடர்வது ஒரு ஹாட் பிக்சல்.

இனி நம்ம ஊரின் உண்மையான பிரச்சனை. பரங்கிப்பேட்டை 11.5 டிகிரி வட அட்சத்தில் இருக்கு. அதனால் துருவ நட்சத்திரமும் வடக்கு அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான். நேர் வடக்கே என்ன இருக்கு? கடலூர். சிப்காட் விளக்குகள், அதற்கு மேல் கடல் ஈரம் கலந்த மங்கல். தலைக்கு நேர் மேலே பார்ப்பதைவிட ஐந்து மடங்கு காற்றைத் தாண்டி வருகிறது அந்த ஒளி. பல இரவுகளில் அது கண்ணுக்கே தெரியாது. போலார் அலைன்மென்ட் தப்பினால் எந்த கேமராவும் காப்பாற்றாது: கைடு நட்சத்திரம் மட்டும் இடத்தில் நிற்கும், மற்றவை அதைச் சுற்றி வளையும். விலை உயர்ந்த சென்சார் வாங்கிய பிறகும் மூலைகளில் கோடு விழுவது இதனால்தான்.

ஆகவே கைடு கேமராவை முதலில் இந்த வேலைக்குப் பயன்படுத்துங்க. பிஎச்டி2இல் டிரிஃப்ட் அலைன் இருக்கு, துருவம் தெரியவே தேவையில்லை. தெற்கு வடக்குக் கோட்டருகே, வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தை வைத்து அது மேலே கீழே நகர்வதைப் பார்த்துத் திசையைத் திருத்தணும். பிறகு கிழக்கே, கடல் மேல் 30 டிகிரி உயரத்தில் இன்னொன்றை வைத்துச் சாய்வைத் திருத்தணும். கிழக்கில் மரமோ கட்டடமோ இல்லாத அடிவானம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மெனக்கெட்டால் அரை மணி நேரம். மவுண்ட் வாங்கும்போதே அது 11 டிகிரி வரை இறங்குமா, எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்குமா என்று பார்த்துடுங்க. ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்தவை சில நமக்கு ஒத்துவராது.

உண்மையிலேயே சென்சிட்டிவ் கேமரா தேவைப்படும் இடம் ஒன்று இருக்கு. 1000 மிமீக்கு மேல் உள்ள டெலஸ்கோப்பில், கைடு ஸ்கோப் இல்லாமல் முக்கிய ஒளியிலிருந்தே ஒரு துண்டைப் பிரித்து எடுக்கும் ஆஃப் ஆக்சிஸ் கைடர். அங்கே அதே 120க்குக் கிடைப்பது 0.06 சதுர டிகிரிதான். ஒரு நட்சத்திரம் மாட்ட 11, 12ஆம் மேக்னிட்யூட் வரை இறங்கணும். 174 எம்எம் மினி மாதிரி பெரிய சென்சார் அங்கே தன் விலையை நியாயப்படுத்தும். அந்த டெலஸ்கோப் கைக்கு வரும்போது பார்த்துக்கலாம்.

மிச்சப்படும் பணத்தில் முதலில் டியூ ஹீட்டர் பட்டை இரண்டு வாங்குங்க, ஒன்று கைடு ஸ்கோப்புக்கு. தை, மாசிப் பனியில் வெள்ளாறு முகத்துவாரத்தில் லென்ஸ் நனையும் வேகத்துக்கு முன்னால் எந்த சென்சாரும் குருடுதான். உப்புக்காற்றில் யுஎஸ்பி முனைகள் பச்சை பிடிக்கும், கூடுதலாக ஒரு கேபிள் வைச்சுக்குங்க.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும், கிழக்கே விளக்குகள் குறையும். அதே வாரங்களில் ஒமேகா செண்டாரி இரவில் தெற்கே, பிச்சாவரம் பக்கம், 31 டிகிரி வரை ஏறும். வட இந்தியாவில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்து மங்கலோடு போராட்டம். நமக்கு 400 மிமீயும், ஒரு சாதாரண மோனோ கைடு கேமராவும், சரியாகத் திருப்பிய மவுண்டும் போதும். மே மாத நடுவில் பத்து மணிக்கு அது உச்சத்தில் இருக்கும். ஒன்பதுக்கே போய் டிரிஃப்ட் அலைனை முடிச்சுடுங்க.