பறந்து வராத காவலர்கள்

சின்னத்திரையும் நம் இல்லமும்



2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, காஞ்சி மாநகரில் தறிகளின் ஓசையும் அடங்கிப் போயிற்று. பட்டு நூலும் சரிகையும் வந்துசேர வழியில்லை. திருமணங்கள் தள்ளிப்போயின. நெய்து முடித்த சேலைகளைக் கேட்பாரில்லை. ஆலயக் கதவுகளும் அடைபட்டிருந்தமையால், திருப்பலியையே தொலைக்காட்சியில் கண்டு மனத்தால் பங்குகொள்ள வேண்டியவரானோம். அந்த ஏப்ரல் மாதத்தில் தூர்தர்சன் தன் பழைய தொடர்கள் பலவற்றை மீண்டும் ஒளிபரப்பியது. அவற்றுள் ஒன்று ‘சக்திமான்’.

நாம் அறிந்த நெசவாளர் குடும்பம் ஒன்றில் அன்று நடந்ததை முதலில் கூறிவிடுகிறோம். ஒன்பது வயது மகன் ஒருநாள் அத்தொடரைப் பார்த்துவிட்டு, தந்தையின் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, திண்ணையிலிருந்து தெருவிற்குப் பாய்ந்தான். முழங்கால் சிராய்ந்தது, வேறு தீங்கில்லை. தாய் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். முப்பது வயதைக் கடந்த தந்தையோ, காயத்தைக் கழுவிக்கொண்டே, “உன் வயதில் நான் இந்தத் தொடரைப் பார்த்ததில்லை தம்பி, கேட்டிருக்கிறேன்” என்றார். அவர் ஏன் அவ்வாறு சொன்னார் என்பதைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் தொடரைப் பார்ப்போம்.

‘சக்திமான்’ 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி 2005ஆம் ஆண்டு மார்ச்சு வரை ஓடியது. 400க்கும் மேற்பட்ட பகுதிகள் வெளிவந்தன. ‘மகாபாரதம்’ தொடரில் பீஷ்மராகத் தோன்றி நாடறிந்த நடிகரான முகேஷ் கன்னாவே இதனைத் தயாரித்து, தலைமை வேடத்தையும் ஏற்றார். பல ஆண்டுகள் இது ஞாயிறு நண்பகலில் ஒளிபரப்பாயிற்று. இந்தியில் எடுக்கப்பட்ட தொடராயினும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பில் நிலைகொள்ளாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களை அக்காலத்து ஆசிரியர்கள் இன்றும் நினைவுகூர்வர்.

எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் அதன் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. நாளிதழ் அலுவலகம் ஒன்றில் கங்காதரன் என்னும் அப்பாவிப் புகைப்படக்காரன் பணிசெய்கிறான். முன்பல் துருத்திய முகம், மூக்குக் கண்ணாடி, அசட்டுப் பேச்சு. எல்லாரும் அவனைக் கண்டு நகைக்கின்றனர். கீதா என்னும் துணிவுள்ள செய்தியாளர், தீயவரின் செயலைத் துருவி ஆராயப் போய் ஆபத்தில் சிக்குகிறார். இருளே உலகை ஆளவேண்டும் என்று முழங்கும் கில்விஷ் என்பவனின் ஆட்கள் ஊரை அச்சுறுத்துகின்றனர். கங்காதரன் யாரும் காணாவண்ணம் விலகிச் சென்று, பம்பரமெனச் சுழன்று சக்திமானாகிறான், பறந்து வருகிறான், காக்கிறான். பின்னர் மீண்டும் அதே அசட்டுக் கங்காதரனாய் வந்து நிற்கிறான். இதற்குப் பின்னும் ஒரு சிறு காட்சி உண்டு. சக்திமான் பிள்ளைகளை நோக்கி நேரே பேசுவான்; தவறு செய்த சிறுவன் ஒருவன் அவனிடம் மன்னிப்புக் கேட்டுத் திருந்துவான்.

இத்தொடரின் நிறைகளை மறைத்தல் முறையன்று. முதலாவது, சக்திமானுக்கு ஆற்றல் வந்த வழி. 1938இல் அமெரிக்காவில் தோன்றிய ‘சூப்பர்மேன்’ வேற்றுக் கோளில் பிறந்தமையால் வலிமை பெற்றவன். 1962இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ ஒரு சிலந்தி கடித்ததால் வலிமை பெற்றவன். நம் தமிழ்நாட்டில் 1972இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வழங்கிய இரும்புக்கை மாயாவியோ மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைபவன். இவர்களுக்கெல்லாம் ஆற்றல் வாய்த்தது பிறப்பாலோ விபத்தாலோதான். சக்திமானுக்கு அது நெடிய பயிற்சியாலும், புலனடக்கத்தாலும், பெரியோருக்குப் பணிதலாலும் வந்ததாகக் கதை சொல்கிறது. யோக நெறி நம் நாட்டின் தொன்மையான செல்வம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றை மதிக்குமாறு திருச்சங்கமே நமக்குக் கற்பித்துள்ளது. அடக்கமின்றி ஆற்றலில்லை என்னும் பாடம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டுவதே.

இரண்டாவது, நகைப்புக்குரிய கங்காதரனே காப்பவனாகவும் இருக்கிறான் என்பது. வகுப்பில் கடைசி இருக்கையில் அமர்ந்து கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு இக்கதை எத்துணை ஆறுதல் அளித்திருக்கும்! எளிய உருவில் வருபவரை இகழாதீர்கள் என்பதை நாசரேத்துத் தச்சரின் சீடர்களாகிய நாம் பிறரினும் நன்கு உணர்தல் வேண்டும். மூன்றாவது, அந்த இறுதிக் காட்சி. தூய்மை, நேர்மை, பெற்றோர்க்குக் கீழ்ப்படிதல் போன்றவற்றைப் பொழுதுபோக்கு நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல முன்வந்த தொடர்கள் பல இருந்தனவா?

இனிக் குறைகள். தொடர் புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகளில், சக்திமான் வந்து காப்பான் என்று நம்பிச் சில பிள்ளைகள் உயரத்திலிருந்து குதித்ததாகவும், தீயிட்டுக்கொண்டதாகவும் செய்தித்தாள்களில் வந்தது. தொடரால் அவ்வாறு நேரவில்லை என்று முகேஷ் கன்னா மறுத்தார். திரையில் கண்டதைச் செய்துபார்க்கலாகாது என்று பிள்ளைகளுக்கு அறிவுரையும் கூறினார். அந்த வழக்கை இங்கே நாம் மீண்டும் விசாரிக்கப் போவதில்லை. ஆயினும், திண்ணையிலிருந்து பாய்ந்த சிறுவனின் முழங்காலை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளையின் கண்ணில் பறத்தல் பதிந்த அளவிற்குப் பயிற்சி பதிவதில்லை. பறத்தலுக்கு ஒரு நொடி போதும். பயிற்சியைக் காட்டப் பொறுமை வேண்டும். திரைக்கு அந்தப் பொறுமை வாய்ப்பது அரிது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. இத்தகைய கதைகளில் ஊரார் யாவரும் என்ன செய்கின்றனர்? அண்ணாந்து பார்க்கின்றனர், அவ்வளவே. தீமை நேர்ந்தால் கூக்குரலிட வேண்டும். ஒருவன் வானத்திலிருந்து வருவான். அவன் போனபின் கைதட்டிவிட்டு வீடு திரும்பவேண்டும். இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டலாமா?

இப்போது அந்தத் தந்தையின் கதைக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் சிறப்பு அதன் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பிணைத்து நெய்வது. இதற்கு நாடாக்கள் மூன்று வேண்டும். நெய்பவர் ஒருவரால் எல்லாவற்றையும் எறிந்து வாங்க இயலாது. ஆகவே அவர் பக்கத்தில் அமர்ந்து கரைக்கு நாடா எறிந்து கொடுக்க ஒரு துணைக்கை தேவை. முற்காலத்தில் அந்தக் கை பெரும்பாலும் ஒரு சிறுவனுடையதாகவோ சிறுமியுடையதாகவோ இருந்தது. சொந்த வீட்டுத் தறியானால் பெற்றோரின் கண்காணிப்பாவது உண்டு. வறுமையால் முன்பணம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளையோ பிறர் தறியில் அமர்ந்தது. கடன் தீரும்வரை எழ முடியாது; கடனோ எளிதில் தீராது. 2003இல் பன்னாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்று இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாயிருந்த பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயரும் இடம்பெற்றது. இது நாம் வெட்கத்தோடு நினைவில் கொள்ளவேண்டிய செய்தி. அத்தறிகளில் நெய்த சேலைகளை உடுத்து மணமேடை ஏறியவர்களில் நம் பங்கு மக்களும் உண்டு அன்றோ?

அந்தத் தந்தை பத்து வயதில் அவ்வாறு பிறர் தறியில் அமர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாளே. பூசைக்குப் போவதும் அரிது. தறி இருந்த கூடத்திற்கு அடுத்த அறையில் தொலைக்காட்சி இருந்தது. நண்பகல் ஆனதும் வீட்டுப் பிள்ளைகள் அங்கே கூடுவர். சுவருக்கு இப்பால் இவர் நாடா எறிந்துகொண்டே பாட்டையும் கூச்சலையும் கைதட்டலையும் கேட்பார். “யாராவது துன்பத்தில் கூப்பிட்டால் அவன் வருவானாம் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள் ஐயா. நானும் மனத்துக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு அவன் வரவே இல்லை” என்று நம்மிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட நமக்குச் சிரிக்க முடியவில்லை.

அவரைக் காத்தவர் யார்? பறந்து வந்தவர் எவருமில்லை. பள்ளியில் அவர் இடம் காலியாக இருப்பதைக் கவனித்த ஆசிரியை ஒருவர் நடந்து வந்தார். ஒருமுறை வந்து திட்டு வாங்கினார், மறுமுறையும் வந்தார், மூன்றாம் முறை உபதேசியாரையும் உடனழைத்து வந்தார். தாய் தம் பங்கிற்கு மாலை நேரங்களில் கூடுதலாக நூல் சுற்றி, கடனைச் சிறிது சிறிதாகக் கட்டினார். ஏறத்தாழ ஓராண்டு கழித்தே சிறுவன் மீண்டும் பள்ளிப் படியில் ஏறினான். அந்த ஆசிரியையின் கதையைத் தொடராக எடுத்தால் எவர் பார்ப்பர்? சுழற்சியில்லை, ஒளிவட்டமில்லை, வெயிலில் ஒரு குடையும், தேய்ந்த செருப்பும், மறுக்கப்பட்ட பின்பும் மீண்டும் கதவைத் தட்டும் ஒரு கையுமே உண்டு.

அவ்வாறு கதவு தட்டியவர்கள் பலர். அவர்களுக்குத் துணையாகச் சட்டங்களும் ஒவ்வொன்றாய் வந்தன. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம். 1988இல் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் அமைக்கும் தேசியத் திட்டம். 2009இல் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளோர்க்குக் கல்வியை உரிமையாக்கிய சட்டம். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. எனினும் பள்ளி நேரம் போகத் தம் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இடம் வைத்தது. இந்த இடத்தில் நம் நெசவாளர் குடும்பங்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். மாலையில் அரைமணி நேரம் தந்தைக்கு உதவுவது வேறு. தேர்வு நாளிலும் தறியருகே அமர்த்துவது வேறு. முன்னது பின்னதாக மாறும் நாளை எந்த அதிகாரியும் கண்டுபிடிக்க முடியாது. பெற்றோரின் மனச்சான்று ஒன்றே அதைக் கண்டுபிடிக்கும்.

நற்செய்தியில் ஒரு காட்சியை இங்கே நினைவுகூர்வோம். சோதிக்க வந்தவன் ஆண்டவரை எருசலேம் ஆலயத்தின் உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து குதிக்கும்படி தூண்டினான். வானதூதர் தாங்கிக்கொள்வர் என்று மறைநூலையே துணைக்கு இழுத்தான். காஞ்சியில் வாழும் நமக்கு அந்த உயரத்தை எண்ணிப் பார்ப்பது எளிது. ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரம் ஏறத்தாழ 190 அடி. அத்தகைய உயரத்திலிருந்து ஒருவர் குதித்து ஊறின்றி நின்றிருந்தால் ஊரே அவர் பின்னால் சென்றிருக்கும். ஆண்டவர் குதிக்கவில்லை. கல்வாரியில் சிலுவையிலிருந்து இறங்கி வந்து காட்டும்படி எள்ளி நகையாடினர், அவர் இறங்கவுமில்லை. வியக்கவைத்து வெல்லும் வழி அவர் முன்னே இருமுறை திறந்திருந்தும், இருமுறையும் அதை மறுத்தார்.

ஆயினும் பசித்த ஐயாயிரவர்க்கு உணவளிக்க அவர் தயங்கவில்லை. அங்கும் வானத்திலிருந்து அப்பம் பொழியவில்லை. ஒரு சிறுவனிடமிருந்த வாற்கோதுமை அப்பங்கள் ஐந்தும் மீன்கள் இரண்டும் அவர் கைக்கு வந்தன. தொலைக்காட்சிக் கதையில் சிறுவன் காப்பாற்றப்படுபவன். நற்செய்தியில் சிறுவன் கொடுப்பவன். இந்த வேற்றுமையை நம் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டினால் போதும். வேறு விமரிசனம் வேண்டுவதில்லை. நம் நாட்டில், 1752இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தைக் காக்கவும் எவரும் பறந்து வரவில்லை. அவருடைய வீரத்தை அதனால் எவரேனும் குறைத்து மதிப்பரோ?

ஆகவே இத்தகைய தொடர்களைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று கேட்கும் பெற்றோர்க்கு நம் மறுமொழி இது: பார்க்கட்டும், ஆனால் தனியே பார்க்க விடாதீர். 1963ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய தன் ஆணையில், வீட்டிற்குள் வருவதைக் கவனிக்கும் கடமையைப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. இன்று வெளிநாட்டு வீரர்கள் கைப்பேசி வழியே நள்ளிரவிலும் பிள்ளையின் போர்வைக்குள் வந்துவிடுகின்றனர். அக்கடமை முன்னிலும் கனத்திருக்கிறது. தொடர் முடிந்ததும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “அந்த வீரன் வராமலிருந்தால் அந்த ஊரார் என்ன செய்திருக்கலாம்? நம் தெருவில் யார் உதவிக்காகக் காத்திருக்கிறார்?”

அந்த நெசவாளர் தம் மகனிடம் முதற்கேள்வியைக் கேட்டாராம். மகன் சற்று எண்ணிவிட்டு, “எல்லாரும் சேர்ந்து போயிருக்கலாம் அப்பா” என்றானாம். இரண்டாம் கேள்விக்கு அவன் வாயால் விடை சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பையனுக்குப் பாடம் கேட்கக் கைப்பேசி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். பள்ளிகள் மூடியிருந்த அந்த மாதங்களில் நாள்தோறும் மாலையில் அவனைத் தன் திண்ணைக்கு அழைத்துக்கொண்டான். பாய்ந்து விழுந்த அதே திண்ணையில் இருவரும் ஒரே கைப்பேசியின்மேல் குனிந்து அமர்ந்திருந்ததை நாமே கண்டோம்.