சுவரொட்டி ஒட்டினால் கடமை முடிந்ததா?



டிங்கிக் காய்ச்சலைப் பற்றிய சுவரொட்டியைப் பாராத தமிழ்ப்பள்ளி மாணவன் நம் மலேசியத் திருநாட்டில் இருக்க மாட்டான். இருந்தும் 2019ஆம் ஆண்டில் மட்டும் 130,000க்கும் மேற்பட்டோரை டிங்கி பீடித்தது. 182 பேர் மாண்டனர். இதற்குச் சுவரொட்டியே காரணம் என்று நான் பழிசுமத்தவில்லை. "ஒட்டியாயிற்று, கடமை முடிந்தது" என்னும் மனப்போக்கையே சாடுகின்றேன்.

எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகைக்கு வந்த ஒரு சுவரொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் கோரைப்பற்களோடு பூதம்போல் ஒரு கொசு. பின்னணியில் கறுத்த கால்வாயும் குப்பைமேடும் வானில் நிலவும். கீழே "தூய்மையைப் பேணுவோம்" என்று ஒரு வரி. நலக்கல்விப் பாடத்தில் அதனை மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் காட்டி, "இந்தக் கொசு எங்கே முட்டையிடும்?" என்று வினவினேன். "கால்வாயில்", "குப்பையில்" என்றனர். "எப்போது கடிக்கும்?" என்றதற்கு, "இரவில்" என்றனர்.

பிள்ளைகள் படத்தைச் சரியாகத்தான் படித்தனர். படம்தான் பொய் சொல்லிற்று. ஏடிஸ் கொசு நாறும் கழிவுநீரைப் பெரும்பாலும் நாடுவதில்லை. பூச்சாடித் தட்டு, குளியலறைத் தொட்டி, பழைய டயர், கூரைப் பீலி ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதற்கு உகந்த இடம். அது கடிப்பது பெரும்பாலும் பகலில். அதிலும் காலையிலும் அந்திக்கு முன்னும் மிகுதி. அந்தச் சுவரொட்டியை நம்பும் வீட்டார் கால்வாயைக் கழுவிவிட்டு, வரவேற்பறைப் பூச்சாடியை மறந்துவிடுவர்.

ரோலான் பார்த் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1964இல் எழுதிய கட்டுரையொன்றில், படத்தின் பல பொருள்களுள் ஒன்றை நிலைநிறுத்தும் நங்கூரம் என்று சொற்களைக் குறிப்பிட்டார். நம் சுவரொட்டிகளில் அந்த நங்கூரம் எங்கே? "தூய்மையைப் பேணுவோம்" என்பது எந்தப் படத்துக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் படத்துக்கும் பொருந்தாது. யார், எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது? முட்டை கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே, "வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுங்கள்; உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்" என்பதே சொல்லவேண்டிய செய்தி. தேய்க்கும் கையையும் தூரிகையையும் வரைந்தால் படமும் அதையே சொல்லும்.

தமிழின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. எல்லா மொழிக்கும் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி. அதிலும் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். அது பாட்டிமார் படிப்பதற்கா, தமிழும் உண்டு என்று கணக்குக் காட்டுவதற்கா?

"படமே போதும், சொல் எதற்கு?" என்பாரும் உளர். பூச்சாடியின்மேல் சிவப்புக் கோடு போட்ட படத்தைக் கண்ட ஒரு மாணவி, "பூச்சாடி வைக்கக் கூடாதா, ஐயா?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன விடையைச் சுவரொட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

சிங்கப்பூர் 2004இலும் மலேசியா 2009இலும் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படங்களைக் கட்டாயமாக்கின. அங்கே சிதைந்த உறுப்பைப் படம் காட்டுகிறது. அந்த நோயின் பெயரை வாசகம் சொல்கிறது. இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன. அவ்வளவு கவனம் டிங்கிக்கு வேண்டாமா?

ஆசிரியப் பெருமக்களே, இனி ஒரு சுவரொட்டி வந்தால் உடனே ஒட்டாதீர். எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் ஒரு மாணவனிடம் காட்டுங்கள். படத்தை மறைத்து எழுத்தை மட்டும் இன்னொருவனிடம் காட்டுங்கள். இருவரும் வெவ்வேறு செய்தி சொன்னால், காரணம் எழுதி அனுப்பியவர்க்கே திருப்பி அனுப்புங்கள். தவறான சுவரொட்டியைவிட வெறும் சுவர் மேல்.