கூகையும் எலிமருந்தும்

ஜொகூர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கூகையின் அலறல் தெரியும். நள்ளிரவில் லயத்துக் கூரைக்கு மேலே அது கத்தினால், யார் வீட்டில் இழவு விழப்போகிறதோ என்று பாட்டிமார் பதறுவார்கள். சாக்குருவி என்று கல்லெறிந்து விரட்டுவார்கள். அந்தப் பறவை நமக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

தீபகற்ப மலேசியாவில் ஒரு காலத்தில் கூகை அபூர்வம். அது இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததாக முதலில் பதிவானது 1968-இல், ஜொகூரின் ஒரு செம்பனைத் தோட்டத்தில். ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டபோது எலிக்குத் தின்னப் பழமும் கிடைத்தது, மட்டைக்குவியலுக்குள் ஒளிய இடமும் கிடைத்தது. எலி பெருகிய இடத்தில் கூகையும் பெருகியது. கிரகாம் லெண்டன் என்ற ஆய்வாளர், அது கக்கிப்போடும் எலும்பும் மயிருமான உருண்டைகளைப் பிரித்துப் பார்த்து 1984-இல் எழுதினார்: இங்குள்ள கூகையின் இரை ஏறக்குறைய முழுவதும் எலிதான்.

அதன் வேட்டை அச்சமூட்டுவது, மறுக்கவில்லை. ஒரு காது சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. அந்த வித்தியாசத்தை வைத்தே, கும்மிருட்டில் எலி சருகை மிதிக்கும் ஓசையிலிருந்து இடத்தைத் துல்லியமாகக் கண்டுகொள்ளும். சிறகோசை எழாது. இரை மிகுந்தால் முட்டை கூடும், குறைந்தால் குறையும். பஞ்சத்தில் கடைசிக் குஞ்சு செத்துப்போனால் மற்றவை அதைத் தின்பதும் உண்டு. அதே கூகையின் மூத்த குஞ்சுகள், பசித்த இளையவற்றுக்குத் தம் பங்கு இரையை விட்டுக்கொடுப்பதைச் சுவிட்சர்லாந்தில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கொடூரம் என்ற சொல்லை இந்தப் பறவையின் மேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. பசிக்குக் கொல்கிறது.

மனிதன் எலியைக் கொல்லும் விதம் வேறு. வார்ஃபரின் கலந்த தீனிக்கு எலிகள் பழகிப்போனதும், 1980களில் அதைவிடக் கடுமையான புரோடிஃபாக்கம் போன்ற விஷங்கள் தோட்டங்களுக்கு வந்தன. தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். அப்போது கூகைக்கு அது எளிய இரை. எலியின் உடலிலிருந்த விஷம் கூகையின் ஈரலில் சேர்ந்து, உள்ளுக்குள் இரத்தம் கசிந்து பறவை மடிகிறது. அந்த விஷம் வந்த தோட்டங்களில் கூகைகள் குறைந்ததை அன்றே பதிவு செய்தார்கள். எலியைத் தின்ன வந்ததையே எலிமருந்து கொன்றது.

விஷம் பறவையோடு நிற்கவுமில்லை. அதே தோட்டங்களில் களைக்கொல்லியான பாராகுவாட்டை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். மூக்கில் இரத்தம், கழன்றுவிழும் நகம், மூச்சுத்திணறல் என்று அவர்கள் பட்ட பாட்டைத் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் அறிக்கையாக்கியது. அந்த ஆண்டே தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரியில்தான். இத்தனை ஆண்டுகள் அந்தப் பெண்களின் உடலை விலையாகக் கொடுத்துக் குலைகளை அறுத்த நாம், இரவில் ஓர் எலியைத் தூக்கிச் செல்லும் பறவையைக் கெட்டது என்று சொல்ல என்ன உரிமை வைத்திருக்கிறோம்?

செம்பனையில் கூகை முட்டையிடப் பொந்து கிடையாது. அதனால்தான் கம்பத்தில் மரப்பெட்டி பொருத்துகிறார்கள். ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கிலுள்ள கணக்கு. குளுவாங்கிலோ சிகாமட்டிலோ சொந்தமாகச் சில ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள் பக்கத்து நிலத்துக்காரரோடு சேர்ந்து ஒரு பெட்டி வையுங்கள். வைத்த இடத்தில் புரோடிஃபாக்கம் போன்ற கடும் எலிமருந்தைப் போடாதீர்கள். கூகை கத்தினால் பிள்ளைகள் கையில் கல்லைக் கொடுக்காதீர்கள்.